பிராணவாயுவும் அதனைப் பேணும் முறையும்

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்குதல் கூடும். காற்றின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் அவன் தாங்கான். அக்காற்றினுள்ளும் உயிரை நிலைநிறுத்துவது ஐந்தில் ஒரு பங்கேயாகிய பிராணவாயுவாம். இதனை உயிர்வளி என வழங்குவாரும் உளர். நூறு பங்கு காற்றில் இஃது ஏறக்குறைய 21 பங்கு. நலமுடைய நுரையீரலுக்கு இவ்வளவு போதும்; நோயுற்ற நுரையீரலுக்கோ போதாது. அத்தகைய நோயாளர்க்குப் பிராணவாயுவைத் தனியே பிரித்தெடுத்து ஊட்டுதல் இன்றியமையாததாகின்றது. அங்ஙனம் ஊட்டுங் கருவிகளுள் ஒன்று, திரவமாக்கிய பிராணவாயுவைத் தாங்கி நோயாளர் தோளில் மாட்டிச் செல்லத்தக்க சிறு கலம். அதன் இயல்பையும், அதனை இல்லத்திலும் வெளியிலும் தீங்கின்றிக் கையாளும் முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இப்பொருள் நம்மவர்க்குத் தொலைவானதன்று. சங்கரன்கோவில் விசைத்தறிகள் மலிந்த ஊர். பஞ்சுத் தூசியையும், விறகடுப்பின் புகையையும், பீடி சுருட்டுகளின் புகையையும் பல்லாண்டு உட்கொண்ட நுரையீரல் முதுமையில் தளர்ந்து போதல் இயல்பே. அன்றியும், 2021-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திலே பிராணவாயு என்னுஞ் சொல் படித்தவர் பாமரர் அனைவர் நாவிலும் வழங்கலாயிற்று. அந்நாட்களில் நம் நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள மகேந்திரகிரி விண்வெளி நிலையத்திலிருந்து தமிழகத்து மருத்துவமனைகட்கும் கேரளத்திற்கும் திரவப் பிராணவாயு அனுப்பப்பட்டது. ராக்கெட்டை விண்ணிற்குச் செலுத்துவதற்கென வைத்திருந்த பொருளே படுக்கையிற் கிடந்த நோயாளரின் மூச்சுக்கும் உதவிற்று. இஃது எங்ஙனம் கூடும் எனின், அப்பொருளின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் ஆங்கில நாட்டுப் போதகர்; இரசாயன நூலிலும் வல்லவர். இவர் 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே பாதரசச் சுண்ணத்தைச் சூரிய வெப்பத்தாற் காய்ச்சி ஒரு வாயுவைப் பெற்றார். அவ்வாயுவினுள் மெழுகுவர்த்தி மிகப் பிரகாசமாய் எரியக் கண்டார். பின்னர் ஒரு சுண்டெலியை அதனுள் அடைத்து வைத்தபோது, சாதாரணக் காற்றில் அடைபட்டிருந்தால் வாழுங் காலத்தினும் நெடுநேரம் அது வாழ்ந்தது. விளக்கும் எலியும் ஒரே வாயுவால் வளம் பெற்றன. நாம் இக்கட்டுரையிற் கூறப்போகும் விதிகளனைத்தும் இந்த இரண்டு சோதனைகளிலேயே அடங்கியுள்ளன என்னலாம். உயிரை வளர்க்கும் வாயுவே தீயையும் வளர்க்கின்றது. ஒன்றைக் கொண்டு மற்றதை விலக்குதல் இயலாது.

இனி, வாயு திரவமாகும் வகை கூறுவாம். நீராவி குளிர்ந்தால் நீராதல் போலப் பிராணவாயுவும் மிகக் குளிர்ந்தால் திரவமாகும். ஆனால் அதற்கு வேண்டுங் குளிர்ச்சி சாமானியமானதன்று. பூஜ்யத்திற்குக் கீழ் 183 டிகிரி சென்டிகிரேட் ஆகும். 1883-ஆம் ஆண்டில் போலந்து நாட்டறிஞர் இருவர் அதனைக் கண்ணாற் காணத்தக்க அளவில் திரவமாக்கினர். அது வெளிறிய நீலநிறமுடையது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் லிண்டே காற்றைப் பேரளவில் திரவமாக்கும் முறையை வகுத்தார். இதற்கு முன்னரே, 1892-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டீவர் என்பார் இரட்டைச் சுவருடையதாய், இடையிற் காற்று நீக்கப்பட்டதாய்ப் பாத்திரமொன்று அமைத்தார். நாம் காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க் அதன் வழித்தோன்றலே. திரவப் பிராணவாயுக் கலமும் அவ்வகையினதே.

இங்ஙனம் திரவமாக்குதலாற் பயன் யாதெனில், இடச் சுருக்கமாம். ஒரு லிட்டர் திரவம் ஆவியாகுங்கால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாகின்றது. நிமிஷத்திற்கு 2 லிட்டர் வேண்டும் நோயாளர்க்கு இஃது 7 மணி நேரத்திற்குப் போதும். அதே அளவு வாயுவை இரும்புருளையில் அடைப்பின், உருளையின் பாரத்தை முதியவர் தூக்கிச் செல்லல் அரிது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் செறிவாக்கி என்னும் யந்திரமோ மின்சாரத்தையோ மின்கலத்தையோ நம்பியது. நம் நாட்டு இல்லங்களிற் பெரிதும் காணப்படுவன இவ்விரண்டுமே. திரவக் கருவி அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களிலே வீடுகளில் வழங்கிவருவது, நம்மிடையே அரிது. எனினும் கீழ்வரும் எச்சரிக்கைகளுட் பெரும்பாலன மூவகைக் கருவிகட்கும் பொருந்துவனவாம்.

திரவக் கருவி இரு பகுதியுடையது. பெரிய கலம் வீட்டில் நிற்கும். சிறிய கலம் அதிலிருந்து நிரப்பப்பட்டு நோயாளருடன் செல்லும். 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர் தாமஸ் பெட்டியும் அவரது குழுவினரும் இத்தகைய சிறு கலத்தோடு நோயாளரை நடக்கச் செய்து ஆராய்ந்தனர். இங்ஙனம் நடமாடுதல் வெறும் வசதிக்காக மட்டும் அன்று. இரத்தத்திற் பிராணவாயு மிகக் குறைந்த நெடுநாள் நுரையீரல் நோயாளரிடையே இரவில் மட்டும் அதனை ஏற்றவரினும் பகலிரவு இடையறாது ஏற்றவர் நெடிது வாழ்ந்தனர் என்பது அமெரிக்காவில் 1980-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிவு. நாடோறும் 15 மணி நேரம் ஏற்றவர், ஏற்காதவரினும் நெடிது வாழ்ந்தனர் என்று பிரிட்டனில் 1981-இல் வெளியான ஆராய்ச்சியும் காட்டிற்று. ஆகவே, கடைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் மூக்கிலுள்ள குழாயைக் கழற்றி வைத்துச் செல்வார் தம் ஆயுளிற் சிறிது இழக்கின்றார். கழற்றாதிருக்க வேண்டி வீட்டிலேயே அடைந்து கிடப்பாரோ வாழ்வின் சுவையை இழக்கின்றார். இரண்டையும் இழவாதிருத்தற்கு வழி, கருவியை அறிந்து கையாளுதலே.

முதலாவது எச்சரிக்கை தீயைப் பற்றியது. பிராணவாயு தானே எரிவதில்லை. பிறவற்றை எரியச் செய்வது. 1967 ஜனவரி 27-ஆம் நாள் அப்போலோ விண்கலம் ஒன்றினைத் தரையிலேயே சோதித்த காலை, தூய பிராணவாயு நிறைந்த அறையினுள் தீப்பற்றி, வீரர் மூவர் மாண்டனர். நம் வீடுகளிற் குத்துவிளக்கு, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி, எரிவாயு அடுப்பு, மெழுகுவர்த்தி என நெருப்பு பல உருவில் உறைகின்றது. இவையனைத்திற்கும் 10 அடிக்குக் குறையாத தூரத்தில் கருவியும் நோயாளரும் இருத்தல் வேண்டும். அவ்வறையிற் பீடி பற்றவைத்தல் கூடவே கூடாது. வருகின்ற விருந்தினர்க்கும் இதனைத் தாட்சணியமின்றிச் சொல்லுதல் நன்று. கம்பளி, சேலை, படுக்கை விரிப்பு முதலியன பிராணவாயுவை உள்வாங்கிச் சிறிதுநேரம் வைத்திருக்கும். ஆதலின் குழாயைக் கழற்றிய உடனே அடுப்பண்டை செல்லாது, காற்றோட்டமுள்ள இடத்தில் அரைமணி நேரமேனும் இருந்து செல்லல் வேண்டும். பயனில்லாத பொழுது வாயுவை மூடிவிடல் வேண்டும். திறந்த குழாயைப் படுக்கையின்மீது போட்டுவைத்தல் ஆகாது.

எண்ணெயும் கொழுப்பும் பிராணவாயுவிற்குப் பகை. மூக்கும் உதடும் உலர்ந்து புண்படின், தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது நம்மவர் வழக்கம். அதனை விடுத்து, நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சினை மருத்துவரிடங் கேட்டுப் பெறுக. எண்ணெய் படிந்த கையாற் கலத்தின் வாயைத் தொடுதலும், திருகு இறுகிற்றென்று அதற்கு எண்ணெயிடுதலும் பேராபத்து.

இரண்டாவது எச்சரிக்கை குளிரைப் பற்றியது. திரவமும் அது படிந்த உலோகமும் தோலைத் தொடின், தீச்சுட்டாற் போலப் புண்ணாகும். ஆகவே வெண்பனி படிந்த பகுதிகளைத் தொடலாகாது. சிறு கலத்தை நிரப்பும் முன்னர் இரண்டின் வாய்களையும் உலர்ந்த தூய துணியால் துடைத்தல் வேண்டும். ஈரமிருப்பின் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டிக்கொண்டால் வலிந்து பிடுங்காது, பனி தானே உருகும்வரை பொறுத்தல் வேண்டும். நிரப்பும்பொழுது அருகினின்று அகலலாகாது. தப்பித் தோலிற் பட்டுவிடின், தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் அவ்வுறுப்பை வைத்து மருத்துவரை நாடுக. நெருப்பிற் காட்டுதலும் கொதிநீர் ஊற்றுதலும் தீங்காம்.

கலம் எப்பொழுதும் நிமிர்ந்தே இருத்தல் வேண்டும். சாய்ந்தாற் திரவம் வழியும். எவ்வளவு நல்ல கலமாயினும் நாடோறும் சிறிது ஆவியாகி வெளியேறிக்கொண்டேயிருக்கும். சீறும் ஒலி கேட்டு அஞ்சி அத்துளையை அடைப்பார் பேரிடரை வருவித்துக்கொள்வார். அத்துளையே கலம் வெடியாமற் காப்பது. இக்காரணத்தாலேயே கலத்தை அலமாரியினுள்ளும் கட்டிலின் கீழும் பூட்டிய அறையிலும் வைத்தலாகாது. வெளியிற் செல்லுங்கால் சால்வையால் மூடுதலும் ஆகாது.

இனி வெளியிடங்களைப் பற்றிக் கூறுவாம். பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. திரவப் பிராணவாயு தார்ச் சாலையிற் சிந்தினால், அத்தார் ஊறி, மேலே மிதித்தாலோ சக்கரம் ஏறினாலோ வெடித்தல் கூடும். எனவே தெருவில் தாரின்மீதும், எண்ணெய் கசிந்த வண்டி நிறுத்துமிடத்திலும் கலத்தை நிரப்புதல் தகாது; சுத்தமான சிமெண்டுத் தரையே ஏற்றது. காரிற் செல்லின், கலத்தை நிமிர்த்திக் கட்டி, சன்னலைச் சிறிது திறந்துவைக்க. வெயிலில் நிற்கும் வண்டியினுள் அதனை விட்டுச் செல்லற்க. பெட்ரோல் போடும் இடத்தில் முன்னெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். பயணிகள் விமானத்தில் திரவப் பிராணவாயுவை ஏற்றுதற்கு அனுமதியில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவில் நம்மூர்த் தெருக்களில் மக்கள் வெள்ளம் நெருங்கும். கற்பூரமும் தீபமும் எங்கும் ஒளிரும். கிறிஸ்துமஸ் இரவிலே எங்கள் ஆலயங்களில் ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவர்த்தி எரியும். நோயாளர் இவ்விழாக்களைக் காணலாகாது என்பது எம் கருத்தன்று. கூட்டம் நெருங்கா முன்னரே சென்று, தீபங்களுக்கு விலகிய காற்றோட்டமான ஓரத்தில் அமர்ந்து காண்க என்பதே. அவர்க்கு அவ்விடத்தை ஒதுக்கித் தருதல் மற்றையோர் கடமை.

இன்னும் இரண்டு கூறுதும். மருத்துவர் குறித்த அளவினைத் தாமே கூட்டுதலுங் குறைத்தலும் கூடா. நெடுநாள் நுரையீரல் நோயாளர் சிலர்க்குப் பிராணவாயு மிகுந்தால் இரத்தத்திற் கரியமிலவாயு தேங்கி மயக்கமும் ஆபத்தும் நேரும். மூச்சு முட்டினால் மருத்துவரைக் கேட்டலே முறை. அன்றியும், எந்தக் கலமும் ஒருநாள் ஒழியும், ஒருநாள் கசியும். 2021 ஏப்ரல் 21-ஆம் நாள் நாசிக் நகர மருத்துவமனையொன்றிற் பெரிய திரவத் தொட்டி கசிந்து வாயு தடைப்பட்டமையால் இருபதின்மேற்பட்ட நோயாளர் இறந்தனர். வீட்டிலும் மாற்று உருளை ஒன்றினை நிரப்பி வைத்து, அதனைத் திறக்கும் முறையை இல்லத்தார் அனைவரும் பயின்றிருத்தல் வேண்டும். வெளியிற் செல்லுங்கால் மீண்டுவருங் காலத்தைக் கணக்கிட்டே புறப்படல் வேண்டும்.

ஆதியாகமம் மனிதனது உயிரைக் கடவுள் ஊதிய மூச்சாகவே காட்டுகின்றது. அம்மூச்சு தளர்ந்த ஒருவர் மூக்கிற் குழாயோடு தெருவில் வரக் கண்டால், உற்றுநோக்கி அவரை நாணச் செய்யாது, கையிலுள்ள பீடியை அணைத்து விலகி வழிவிடுதல் எவர்க்கும் எளிது. விதிகளை நோயாளரும், இந்நாகரிகத்தை நாமும் கைக்கொள்வோமாயின், அவர் அச்சமின்றி வீட்டுவாசலைக் கடந்து வருவர். மாணவ நண்பர்கள் விடுமுறையில் தத்தம் ஊர் செல்லுங்கால் இச்செய்திகளைத் தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்பாராயின், யாம் எழுதியதன் பயனை அடைந்தோமாவோம்.