ஓசையும் சூடும் எங்கே போயின?

ஒன்பது ஆண்டுகள் உழைத்த மடிக்கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அண்மையில் புதியதொன்றை வாங்கினேன். முதல் வாரத்தில் மூன்று வேறுபாடுகள் புலப்பட்டன. புதிய கணினி ஓசை எழுப்புவதில்லை, அதிகம் சூடாவதில்லை, காலையில் மின்னேற்றம் செய்தால் மாலை வரை தாங்குகிறது. விளம்பரங்கள் இவற்றைத் தனித்தனிச் சிறப்புகளாகக் கூறும். இயற்பியல் நோக்கில் இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. அத்தொடர்பை அறிந்துகொண்டால், கணினி வாங்கும்போது மட்டுமன்றி, அதில் நம் பாடக்குறிப்புகளையும் புகைப்படங்களையும் சேமித்து வைக்கும்போதும் அது பயன்படும்.

சுழலும் தட்டு

பழைய கணினியின் ஓசைக்குக் காரணங்கள் இரண்டு: வன்தட்டு, விசிறி. முதலில் வன்தட்டைப் பார்ப்போம். அதனுள் காந்தப் பூச்சு கொண்ட தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதன் மேல், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை ஒன்று உள்ளும் புறமும் நகர்கிறது. இசைத்தட்டையும் ஊசியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டில் ஏறத்தாழ 61 செ.மீ. விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்துச் சேமிக்க முடிந்தவை சுமார் 50 லட்சம் எழுத்துகளே.

தட்டு சிறுத்தாலும் தத்துவம் மாறவில்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90 சுற்று. தேவையான இடம் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு நேரம் ஆகும். முனை நகர இன்னும் ஒரு பத்துப் பங்கு ஆகும். எனவே பல இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை எடுக்க வேண்டுமானால், வினாடிக்கு அறுபது, எழுபது துண்டுகளே கிடைக்கும். கணினியைத் தொடங்க ஆயிரக்கணக்கான துண்டுகள் தேவை. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து வரும்வரை பழைய கணினி காக்க வைத்ததன் காரணம் இதுதான்.

சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்

புதிய கணினியில் சுழலும் தட்டு இல்லை. அதற்குப் பதிலாக, கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று கூறப்படும் சேமிப்பகம் இருக்கிறது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. இதன் ஒவ்வொரு சிற்றறையும், மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறைக்கூடம் எனலாம். அதனுள் எலெக்ட்ரான்கள் எவ்வளவு உள்ளன என்பதே அங்கு எழுதப்பட்ட செய்தி. போதிய மின்னழுத்தம் கொடுத்தால், மிக மெல்லிய அப்படலத்தின் ஊடே எலெக்ட்ரான்கள் மறுபுறம் சேர்ந்துவிடும். குவாண்டம் இயற்பியலில் இது சுரங்க விளைவு எனப்படுகிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேறுவதில்லை.

இங்கே நகரும் உறுப்பு ஏதுமில்லை. ஒரு துண்டுத் தகவலை எடுக்க வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும். வன்தட்டைவிட இது நூறு மடங்குக்கும் மேல் விரைவு. ஓசை மறைந்ததும் வேகம் கூடியதும் ஒரே காரணத்தால்தான்.

சூடும் மின்கலமும்

இனி விசிறிக்கு வருவோம். மின்கலத்திலிருந்து கணினி பெறும் ஆற்றலில், திரையின் ஒளியாகவும் ஒலியாகவும் வெளியேறும் சிறு பங்கு நீங்கலாக மற்றதெல்லாம் வெப்பமாகவே முடிகிறது. ஆகவே சூடு குறைந்தால் மின்கலம் நீடிக்கும். ஓர் எளிய கணக்குப் போடுவோம். என் பழைய மின்கலத்தின் கொள்ளளவு 48 வாட்-மணி. புதியதாக இருந்தபோது 3 மணி நேரம் உழைத்தது. சராசரித் திறன் 16 வாட். புதியதன் கொள்ளளவு 50 வாட்-மணி. 10 மணி நேரம் உழைக்கிறது. சராசரித் திறன் 5 வாட். மின்கலம் ஏறக்குறைய அதேதான். செலவுதான் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

செலவு எப்படிக் குறைந்தது? செயலியிலுள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியைப் போல மின்னேற்றம் பெற்று இழக்கிறது. மின்தேக்கியின் ஆற்றல், தேக்குத்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது என்று பாடத்தில் படிக்கிறோம். 1980களின் செயலிகள் 5 வோல்ட்டில் இயங்கின. இன்று ஏறத்தாழ 1 வோல்ட். இதனால் மட்டுமே செலவு 25இல் ஒரு பங்காகிறது. கடந்த பத்தாண்டுகளில் மின்னழுத்தம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் டிரான்சிஸ்டர்கள் மேலும் சிறுத்துத் தேக்குத்திறன் குறைந்தது. எழுதுவது, படிப்பது போன்ற இலகுவான வேலைகளைக் குறைந்த திறனுள்ள பகுதிகளிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் பல செயலிகளில் வந்துவிட்டது.

என் கணினி விசிறியே இல்லாத வகை. அதன் உலோக உடலே வெப்பத்தை வெளியேற்றுகிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு. நீண்ட காணொளியைத் தொகுக்கும்போது சூடு ஏறவும், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் அறையின் வெப்பநிலை உயர்ந்திருக்கும். உடலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறைவதால் குளிர்தலும் மெதுவாகிறது. இத்தகைய கணினியை மெத்தையின் மேல் வைத்து இயக்கக் கூடாது.

ஓசையின்மையின் விலை

பழுதாகப் போகும் வன்தட்டு பெரும்பாலும் ‘டக், டக்’ என்று ஒலியெழுப்பி எச்சரிக்கும். எச்சரிக்கையைக் கேட்டவர் தம் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. எஸ்.எஸ்.டி. பழுதானால் ஓசை எழாது; நேற்று வரை இயங்கியது இன்று திறக்காமலே போகலாம். எழுதி அழிக்குந்தோறும் மின்காப்புப் படலம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. மின் இணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மின்னேற்றமும் கசியக்கூடும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் வன்தட்டைவிடக் கடினம். எனவே ஆய்வேடோ குடும்பப் படமோ, முக்கியமான எதற்கும் வேறோர் இடத்தில் ஒரு படி இருப்பது கட்டாயம்.

வாங்க இருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்டிக்கொள்ள இயலாது. தேவையான அளவை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

புதியது வாங்க வசதியில்லாதோர் மனம் தளர வேண்டாம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினி உங்கள் வீட்டில் இருக்கலாம். மற்ற பாகங்கள் நன்றாக இருந்து, அதில் சுழலும் வன்தட்டு மட்டுமே தடையாக இருந்தால், அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யை அங்கே பொருத்தலாம். செயலி மாறாது; சூடும் விசிறியும் அப்படியே இருக்கும். ஆனால் தேநீர் குடித்து வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை நீங்கும். மாற்றுவதற்கு முன் பழைய தட்டிலுள்ளவற்றைப் படியெடுத்து வைக்க மறவாதீர்கள்.