60 வயசு ஆச்சா? ஆஸ்பத்திரியில் தனி கியூ!

சென்னை: சர்க்கார் ஆஸ்பத்திரியில் 60 வயது நிறைந்தவர்கள் கால் கடுக்க நிற்க வேண்டாம். அவர்களுக்குத் தனி கியூ வைக்கணும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் முதியோர் வைத்தியம் தெரிந்த டாக்டரோடு தனி வசதியும் வேண்டும். 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், 20-வது பிரிவு இது.

படுக்கை விஷயத்தில்தான் வில்லங்கம்! "கூடுமானவரை" கொடுக்கணும் என்று போட்டுவிட்டார்கள். 'இடமில்லை பெரியவரே' என்று கைவிரித்தால்? அந்தப் பிரிவில் தண்டனை கிடையாது. பெற்றோரைத் தெருவில் விட்டுப்போகும் பிள்ளைக்கோ அதே சட்டத்தில் 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5,000 வரை அபராதம்.

கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை ஆஸ்பத்திரி 2024 பிப்ரவரியில் திறந்தாச்சு.

மற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வயதுக்கு அத்தாட்சி எடுத்துப் போங்கள். தனி கியூ எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள்.