பைப் புகையிலைக் கலவை: மூக்குக்கு விருந்து, வாய்க்கு வினை!

ஆனேக்கல் பஸ் நிலையம். விடிந்தும் விடியாத நேரம். பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீக்கடை முன்னால் நிற்கிறார்கள். ஒரு கையில் டீ. இன்னொரு கையில் பீடி, இல்லாவிட்டால் சிகரெட். நாலு இழுப்பு. பஸ் வந்ததும் துண்டைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு ஓட்டம்!

இது அவசரப் புகை. இதே புகையிலையை முகர்ந்து பார்த்து, நிறுத்து, கலந்து, மாதக்கணக்கில் காத்திருந்து ரசிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பைப் பிடிப்பவர்கள்தான் அவர்கள்.

பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பைப் புதிதல்ல. பட்டு கவுன் அணிந்து, வாயில் பைப்பைக் கவ்வியபடி பங்களா மாடிப்படியில் இறங்கி வருவார் கதாநாயகியின் அப்பா. ஏழைக் காதலனைக் கண்டதும் பைப்பை வாயில் இருந்து எடுத்துவிட்டு, "வெளியே போ!" என்பார். தமிழில் இந்தப் பைப்புக்குச் "சுங்கான்" என்று பெயர் உண்டு.

அந்தச் சுங்கானுக்குள் என்ன இருந்தது என்பதைப் படத்தில் யாரும் காட்டவில்லை. அதற்குள் இருப்பது ஒரே இலை அல்ல. பல ஊர் இலைகளின் கலவை. தபால் தலை சேகரிப்பதைப் போல, பைப் புகையிலை கலப்பதை ஒரு பொழுதுபோக்காகவே சிலர் வைத்திருக்கிறார்கள்.

இலை ஒன்று, பக்குவம் பல

புகையிலையின் ருசி வயலில் பாதி, பக்குவத்தில் பாதி. அறுத்த இலையை எப்படிக் காயவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும்.

முதலாவது வர்ஜினியா. இலைகளைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, குழாய் வழியாக வெப்பத்தைச் செலுத்துவார்கள். சூடு மட்டும்தான் இலையில் படும்; புகை படாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகக் காய்ந்துவிடும். அதில் உள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால் புகையில் இனிப்பு தட்டும்.

இதைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கர்நாடகத்திலேயே ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி. கோட்டை வட்டாரங்களில் மழையை நம்பிப் பயிரிடுகிறார்கள். 1976 ஜனவரி 1-ந் தேதி அமைக்கப்பட்ட புகையிலை வாரியத்தின் மேற்பார்வையில் இலை ஏலம் போகிறது. கொட்டகைக்கு எரிக்கும் விறகுக்காக மரங்கள் ஏராளமாக வெட்டப்படுகின்றன என்ற குறையும் உண்டு.

இரண்டாவது பர்லி. இதை நிழலில் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காற்றிலேயே உலர்த்துவார்கள். சர்க்கரை அநேகமாக இருக்காது. ஆனால் எந்த மணத்தை ஊட்டினாலும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். வெண்ணிலா, சாக்லெட், ரம் என்று டப்பா டப்பாவாக மணம் வீசும் பைப் புகையிலைகளில் பர்லிக்கு முக்கிய இடம் உண்டு.

மூன்றாவது லட்டாக்கியா. சிரியா நாட்டுத் துறைமுகத்தின் பெயர் இது. இலையை விறகுப் புகையில் கட்டிக் கறுக்க வைப்பார்கள். வாசனை, அடுப்படிப் புகை போல இருக்கும். இப்போது சைப்ரஸ் தீவின் லட்டாக்கியாதான் பேர்போனது.

நான்காவது பெரிக். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துச் சரக்கு. இலையைப் பீப்பாயில் இறுக்கி அழுத்தி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். காரமும் பழ வாசனையும் கலந்திருக்கும்.

கலப்பதில் ஒரு கணக்கு

வீட்டில் கலக்கிறவர்கள் சிறு தராசு ஒன்று வைத்திருப்பார்கள். சோற்றைப் போல வர்ஜினியாதான் அடிப்படை. பத்துப் பங்கில் ஆறு, ஏழு பங்கு அதுவாகவே இருக்கும். புகை வாசனை பிடித்தவர்கள் இரண்டு, மூன்று பங்கு லட்டாக்கியா சேர்ப்பார்கள். பெரிக்கோ சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கலந்த உடனே பற்றவைப்பது பொறுமை இல்லாதவர்கள் வேலை! ஈரம் மட்டாக இருக்கும்படி பார்த்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து, வாரக்கணக்கில் மூடி வைப்பார்கள். இலைகள் ஒன்றோடு ஒன்று பழகி, தனித்தனி வாசனை போய் ஒரே வாசனை வர வேண்டும். எந்த அளவில் கலந்தது, எந்தத் தேதியில் மூடியது என்று ஜாடி மேல் சீட்டு ஒட்டி வைப்பவர்களும் உண்டு.

பைப்பில் நிரப்புவதிலும் முறை இருக்கிறது. அடி அடுக்கு லேசாக, நடு அடுக்கு கொஞ்சம் அழுத்தி, மேல் அடுக்கு இன்னும் அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு அவசரம் இல்லாமல் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கிண்ணம் சுடும், நாக்கும் சுடும். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு செடியின் வேர்முண்டில் கடைந்த பைப் சூட்டைத் தாங்கும் என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

தாத்தாக்களும் கலவை நிபுணர்களே

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி என்று ஒதுக்க முடியாது. நம் ஊர்த் தாத்தாக்களும் இந்த வித்தையில் குறைந்தவர்கள் அல்ல.

யாழ்ப்பாணத்தில் புகையிலையைத் தேங்காய் மட்டைப் புகையில் பதப்படுத்தினார்கள். லட்டாக்கியாவுக்கு அண்ணன் தம்பி உறவு என்றே அதைச் சொல்லலாம். திருவிதாங்கூரில் அந்தச் சரக்குக்குப் பெரிய கிராக்கி இருந்தது. தமிழ்நாட்டில் வாய்ப் புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து அட்டி போட்டுப் பக்குவம் செய்தார்கள். மூக்குப்பொடிக்கு நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்தார்கள்.

திருச்சிச் சுருட்டின் புகழ் லண்டன் வரை போனது. "செரூட்" என்ற ஆங்கிலச் சொல்லே நம் "சுருட்டு"தான். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்பதைச் சாம்பலைப் பார்த்தே துப்பறியும் நிபுணர் கண்டுபிடித்துவிடுவார்!

டீக்கடைச் சிகரெட்டும் கலவைதான். ஆனால் அதைக் கலந்தவர் யார், என்ன கலந்தார் என்று இழுப்பவருக்குத் தெரியாது. பெங்களூரில் 1913-லேயே சிகரெட் ஆலை வந்துவிட்டது. அது முதல் இந்த ஊரிலும் கலக்கும் வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்டது. பைப்காரர் தன் கையால் கலக்கிறார். சிகரெட்காரர் பிறர் கலந்ததை இழுக்கிறார். வித்தியாசம் அவ்வளவே.

அக்பர் முன் ஒரு வாக்குவாதம்

வட இந்திய அரண்மனைக்குப் புகையிலை போனதே இன்றைய கர்நாடகத்தில் இருந்துதான். பீஜப்பூருக்குத் தூது போன ஆசாத் பேக் என்பவர், 1604-1605 வாக்கில் அங்கிருந்து புகையிலையும் அழகான பைப்பும் கொண்டுபோய் அக்பர் சக்கரவர்த்திக்குக் காணிக்கை வைத்தார். அக்பர் ஓரிரு இழுப்பு இழுத்தார். உடனே அரண்மனை வைத்தியர் குறுக்கிட்டார். குணம் தெரியாத பொருளைச் சக்கரவர்த்தி தொடக் கூடாது என்பது அவர் கட்சி. ஆசாத் பேக் விடாமல் வாதாடினார். அக்பர் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. பிரபுக்களோ பிடித்துக்கொண்டார்கள். 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டும் பயன் இல்லை.

அந்த வழக்கில் வைத்தியர் பக்கம்தான் நியாயம் என்பதை மருத்துவ உலகம் பின்னால் நிரூபித்துவிட்டது.

"உள்ளே இழுக்கவில்லையே!"

பைப் ரசிகர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "புகையை வாயோடு நிறுத்திக்கொள்கிறோம், நெஞ்சுக்குள் இழுப்பதில்லை."

ஆனால் விஷம் ஏற வாயே போதும். பைப் புகையில் காரத்தன்மை இருப்பதால், நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று அதிகம் வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதி வைத்தார். உதடு மட்டும் அல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றுக்கும் பைப் புகையால் புற்றுநோய் அபாயம் உண்டு என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. சிகரெட்டை விட்டுப் பைப்புக்கு மாறுகிறவர்கள், பழக்க தோஷத்தால் புகையை உள்ளேயும் இழுத்துவிடுகிறார்கள்.

"எனக்குப் புகையே கிடையாது, வாயில் அடக்குவது மட்டும்தான்" என்று புகையிலை போடுகிறவர்களும் தப்ப முடியாது. கன்னத்தில் அடக்கிய இடத்திலேயே புற்று வைக்கும். டப்பாவின் விலையும் மணமும் எதையும் மாற்றுவதில்லை. வெண்ணிலா மணக்கும் வெளிநாட்டுக் கலவைக்கும், காகிதக் கட்டில் வரும் பீடிக்கும் நோய் ஒன்றேதான்.

ஓசூர் ரோட்டில் ஒரு நிறுத்தம்

ஆனேக்கல்லில் இருந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். சந்தாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, மடிவாளா. டெய்ரி சர்க்கிளைத் தாண்டினால் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. 1973-ல் தொடங்கப்பட்டது. கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று எல்லா மொழிக்காரர்களும் கையில் பைலோடு அந்த நிறுத்தத்தில் இறங்குகிறார்கள்.

பிழைக்க வந்த இடத்தில் ஒருவர் படுத்துவிட்டால் படுப்பது ஒரு ஆள் அல்ல. அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ ஒரு குடும்பமே காத்திருக்கிறது. ஆனால் வாய்ப் புற்று சொல்லாமல் வருவதில்லை. வாய்க்குள் வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி: இவற்றில் எது தெரிந்தாலும் நாள் தள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்த வழி உண்டு.

விட நினைப்பவர்களுக்கும் துணை இருக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணம் இல்லாத தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். கித்வாய்க்குப் பக்கத்திலேயே உள்ள நிம்ஹான்ஸ் இந்தச் சேவையின் தென்னிந்திய மையம். தமிழிலும் பேசலாம். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்தும், பிறகு குறைந்துவிடும்.

சட்டமும் இறுகிவிட்டது. 2025-ல் கர்நாடகம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 1000 ரூபாய் வரை போகலாம். பஸ் நிலையத்து நாலு இழுப்புக்கு அது பெரிய விலை!

அந்த மூக்கு வீண்போக வேண்டாம்

அப்படியானால் கலக்கும் கலை அவ்வளவுதானா? இல்லை. மோந்து பார்த்துத் தரம் சொல்லும் மூக்கு, அளவு பார்த்துச் சேர்க்கும் கை, காத்திருக்கும் பொறுமை இவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

பெங்களூர் காப்பித்தூள் கடைகளில் கொட்டையைக் கண் முன்னாலேயே அரைத்துக் கொடுக்கிறார்கள். பிளான்டேஷன் பாதி, பீபெரி பாதி, மேலே கொஞ்சம் சிக்கரி என்று கேட்டு வாங்கலாம். அடுத்த வாரம் சிக்கரியைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கடுத்த வாரம் ஒரு கைப்பிடி ரொபஸ்டா சேர்த்துப் பார்க்கலாம். அளவைச் சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டியும் வைக்கலாம்.

இந்தக் கலவையைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசிக்கலாம். டெய்ரி சர்க்கிள் தாண்டி இறங்க வேண்டியதும் இல்லை.