படைத்தவனும் பார்த்தவனும் – 17: நான்கௌரியில் ஒரு குருவிக்கூடு

தரங்கம்பாடியில் லின்னேயஸின் மாணவர் கோனிக்கும் பாதிரியார் ஜானும் செடிகொடி தேடி அலைந்ததைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் தஞ்சை மன்னர் சரபோஜி என்று சொல்லியிருந்தேன். அவர் சற்றுப் பொறுக்கட்டும். அந்தமானின் ரங்கத்தில் உட்கார்ந்து எழுதும் என்னை, எங்கள் கடலைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டது.

1812இல் லண்டனில் வெளிவந்த நிக்கோபார் கடிதங்களின் தொகுப்பு அது. எழுதியவர் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த யோஹான் காட்ஃபிரீட் ஹென்சல். நீளமான அந்தத் தலைப்பின் வரிசையைப் பாருங்கள்: முதலில் தீவுகளின் இயற்கை வளங்கள், அடுத்து மக்களின் வழக்கங்களும் மூடநம்பிக்கைகளும். மதமாற்ற முயற்சி அதற்கும் பிறகுதான். பாதிரியார் எழுதிய புத்தகத்துக்கே இப்படித் தலைப்பு வைக்கும்படி காலம் மாறியிருந்தது.

பிழைத்திருந்த ஒரே மிஷனரி ஹென்சல் என்பதும் அதே தலைப்பில் இருக்கிறது. 1768இல் நிக்கோபாரின் நான்கௌரித் தீவில் தொடங்கிய பணியை 1787இல் கைவிட்டார்கள். அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 11 பேர். தரங்கம்பாடிக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் காய்ச்சலில் போனவர்கள் 13 பேர். இத்தனை சாவுக்கு நடுவிலும் ஹென்சல் சிப்பியும் பாம்பும் சேகரித்தார். ஐரோப்பாவில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. விற்ற காசு மிஷன் செலவுக்கு உதவியது. வேதத்தைப் போல இயற்கையும் கடவுள் எழுதிய நூல் என்று பலர் நம்பிய காலம் அது.

என்னைக் கட்டிப்போட்டது அவர் பார்த்த குருவிக்கூடு. சீனர்கள் சூப் வைக்கிறார்களே, அந்தக் கூடுதான். ரங்கத்துக்குத் தெற்கே பாராடாங் குகைகளிலும் அந்த உழவாரன் இனக் குருவி கூடு கட்டும். கூடு எதனால் ஆனது? கடல் நுரை என்றார்கள், மீன் சினை என்றார்கள். ஹென்சல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிசம்பர் முதல் மே வரை பூக்கும் உயரமான ஒரு மரம். பிசின் கசியும் அதன் காய்கள். அந்த மரத்தைத் தேனீக்களைப் போல மொய்க்கும் குருவிகள். அந்தப் பிசினில்தான் கூடு கட்டுகின்றன என்று முடிவுக்கு வந்தார்.

முடிவு தவறு. குருவி தன் எச்சிலால் கட்டுகிறது. ஆனாலும் அந்தப் பத்தியைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. கண்ணால் கண்டதைக் கண்டது என்றும், ஊகித்ததைத் தன் கருத்து என்றும் பிரித்து எழுதியிருக்கிறார். படைத்தவன் மகிமை என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடவில்லை. ஜெபித்துக்கொண்டே சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை அறிவொளிக் காலம் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்த பெரிய வரவாகவே நினைக்கிறேன்.

அதன் எல்லையும் இதே புத்தகத்தில் தெரிகிறது. குருவிக்குக் கிடைத்த பொறுமை நிக்கோபாரிகளின் சடங்குகளுக்குக் கிடைக்கவில்லை. அவற்றைத் தலைப்பிலேயே மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார்கள். இது எனக்கு வலிக்கிறது.

ஷ்வார்ட்ஸ் பாதிரியார் வளர்த்த சரபோஜி, அவருடைய மதத்தை விட்டுவிட்டு அறிவியலை மட்டும் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.