குளிசையை எண்ணிப் போடுங்கள்

டிக்கோயாத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடையே வேலை செய்கிறேன். முதுகுவலியென்று வீட்டில் நின்றால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அதனால் குளிசையைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். பழைய செல்காயத்தின் வலியோடு கூலிவேலைக்குப் போகும் சகோதரிகளே, உங்கள் நிலையும் இதுதானே?

எல்லா வலிக்குளிசையும் ஒன்றல்ல. பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோல் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். வளர்ந்தவர்கள் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் எடுத்தால் ஈரல் பழுதாகலாம். மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து உண்டு. அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

டைக்குளோபெனாக், இபுபுரோபன் வேறு வகை. வீக்கத்தோடு வரும் வலிக்கு நல்லவை. ஆனால் வெறும் தேத்தண்ணியோடு நாட்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், பிரஷரும் கூடலாம். மலம் தார்போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் இவற்றை எடுக்கக்கூடாது. டெங்குவோ என்று சந்தேகமான காய்ச்சலுக்கு இவையும் அஸ்பிரினும் வேண்டாம்.

குளிசை வலியை அடக்குமே தவிர, அதன் காரணத்தை அகற்றாது. வாரக்கணக்கில் குளிசையின்றி நடமாட முடியவில்லையா? போடும் மருந்துகளின் கவர்களை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். இங்கே டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். சிகிச்சை இலவசம்.