ஒரு மீட்டர் வரப்பு

ஜப்பானின் சுகுபா நகரில் 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடி வளையமொன்றில் எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் எதிரெதிராகச் சுற்றி, ஒரே ஓர் இடத்தில் மோதுகின்றன. முடுக்கியின் பெயர் சூப்பர்-கெக்-பி. மோதலைப் பதிவுசெய்யும் உணர்கருவி பெல்-2, சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் பங்கேற்கிறது.

மோதும் புள்ளியைச் சுற்றிய சில மீட்டர் நிலத்துக்கு இரு பங்காளிகள். குவிப்புக் காந்தம் எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ அவ்வளவு மெலிதாகத் துகள் கற்றையைப் பிழியலாம், மோதல்கள் பெருகும். இது முடுக்கி வடிவமைப்பாளரின் தேவை. சிதறும் துகள் எந்தத் திசையில் பறந்தாலும் பிடிபட வேண்டும், குறுக்கே உலோகம் நிற்கக்கூடாது. இது உணர்கருவிக்காரரின் தேவை. இரண்டுமே நியாயம்தான்.

சுகுபாவில் வரப்பு இப்படிப் போடப்பட்டது: கற்றையின் அச்சையொட்டி முன்புறம் 17 டிகிரி, பின்புறம் 30 டிகிரிக் கூம்பு முடுக்கிக்கு, மீதி உணர்கருவிக்கு. அந்தக் கூம்புக்குள் மீகடத்திக் காந்தங்கள் மோதல் புள்ளிக்குச் சுமார் ஒரு மீட்டர் வரை நுழைகின்றன. செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. முடுக்கியில் இந்த இடைவெளி 23 மீட்டர்!

இவ்வளவு நெருங்கினால் இரு கற்றைகளுக்கும் தனித்தனிக் காந்தம் வைக்க இடம் ஏது? அதற்காகவே கற்றைகள் நேருக்கு நேராக அல்லாமல் சுமார் 4.8 டிகிரி சாய்வில் சந்திக்கின்றன. சந்தித்ததும் விரைவில் விலகிவிடுகின்றன. உணர்கருவியின் 1.5 டெஸ்லா காந்தப்புலம் கற்றையைக் கலைக்காதிருக்க, அதை ஈடுகட்டும் எதிர்க்காந்தங்களும் குவிப்புக் காந்தங்கள் இருக்கும் அதே குளிர்கலத்துக்குள் உள்ளன.

மையத்தில் கற்றை ஓடும் குழாயின் ஆரம் வெறும் 1 சென்டிமீட்டர். துகள்கள் தடையின்றி வெளியேற அது இலேசான பெரிலியத்தால் ஆனது. கற்றை வளையும்போது பிறக்கும் எக்ஸ் கதிர்கள் உணரிகளைத் தாக்காதபடி உட்புறம் மெல்லிய தங்கப்பூச்சு. சூட்டைத் தணிக்க இரட்டைச் சுவர்களுக்கிடையே பாரஃபின் திரவம் ஓடுகிறது. விரல் பருமனுள்ள இந்தக் குழாயில் இரு தரப்பின் கணக்குகளும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

2018 ஏப்ரலில் முதல் மோதல் நிகழ்ந்தது. 2020 ஜூனில் மோதல் வீதத்தில் உலகச் சாதனை. ஆனாலும் பாதை தவறிய கற்றைகள் உணரிகளைச் சேதப்படுத்தியதுண்டு. அவற்றை வழிமறிக்கும் தடுப்புகளை எங்கே வைப்பது என்பதையும் இரு தரப்பும் கூடித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

செர்ன் திட்டமிடும் அடுத்த எலக்ட்ரான் வளையத்திலும் கடைசிக் காந்தம் மோதல் புள்ளியிலிருந்து 2.2 மீட்டரில், உணர்கருவிக்குள்ளேயே நிற்கிறது. முடுக்கியை முதலில் கட்டி உணர்கருவியைப் பிறகு பொருத்தலாம் என்பது இனி நடவாது. முதல் கோட்டிலிருந்தே இரண்டையும் ஒரே தாளில் வரைந்தாக வேண்டும்.