தமிழ்க் குறியீட்டுத் தரமும் திறந்த முடிவெடுப்பும்

முன்னுரை

கணினியில் ஓர் எழுத்துக்கு எந்த எண்ணை வழங்குவது என்பது நுட்பவியலார்க்கே உரிய வினாவாகத் தோன்றலாம். ஆயின், நாம் கணினியில் எழுதும் பாடநூலும் ஆய்வேடும் அவ்வெண்களாலேயே ஆகின்றன. ஆகவே அவற்றை யார், எவ்வாறு முடிவுசெய்தனர் என்பது தமிழாசிரியரும் அறியவேண்டிய ஒன்றாகும். சிங்கப்பூரில் கூடிய மாநாடுகளை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

சிங்கப்பூரும் சென்னையும்

1990களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்தன. ஒருவர் தட்டச்சு செய்த பாடம் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இச்சிக்கலை ஆராய 1997 மே மாதத்தில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் மாநாடு கூடியது. அதனையொட்டிச் சுவிட்சர்லாந்து, மலேசியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியீட்டை உருவாக்கினர். ஆங்கிலத்திற்குரிய 128 இடங்கள் போக எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. எவற்றை முழுவடிவில் வைப்பது, கிரந்த எழுத்துகளுக்கும் தமிழ் எண்களுக்கும் இடமளிப்பதா என்பன மொழிக் கொள்கை சார்ந்த வினாக்கள். அவை பலர் முன்னிலையில் காரணங்களுடன் வாதிடப்பட்டன.

1999இல் சென்னை மாநாட்டிற்குப் பின் தமிழக அரசு 'டாம்', 'டாப்' குறியீடுகளை அறிவித்தது. திஸ்கியும் தொடர்ந்து வழங்கியது. திறந்த விவாதத்திற்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. அரசாணைக்கோ கடல்கடந்த தமிழரைக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. இவ்விடைவெளியை நிரப்பவே 2000 ஜூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் 'உத்தமம்' தோன்றியது எனக் கருதுகிறோம்.

யூனிகோடு தரும் பாடம்

1991இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டு அமைப்பைப் பின்பற்றியது. அதனால் னகரம் நகரத்தையும் றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. நெடுங்கணக்கு முறையில் சொற்களை அடுக்கத் தனி விதி தேவைப்படுகிறது. ஒருமுறை இட்ட எழுத்தை நீக்குவதோ இடம்மாற்றுவதோ இல்லை என்பது யூனிகோட்டின் கொள்கையாதலால், இவ்வமைப்பு இனி மாறாது.

2010இல் நிகழ்ந்தது வேறு. கிரந்தத் தொகுதியில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் சேர்க்கும் முன்மொழிவு எவரும் படிக்கத்தக்கவாறு வெளியிடப்பட்டிருந்தது. தமிழறிஞர்கள் மறுப்புரைத்தனர், தமிழக அரசும் தலையிட்டது. முடிவு தள்ளிவைக்கப்பட்டு, 2014இல் அவ்வெழுத்துகள் இன்றியே கிரந்தம் இடம்பெற்றது.

முடிவுரை

திருத்தவியலாத முடிவுகளில், விவாதம் முடிவுக்கு முன்னரே நிகழ்தல் வேண்டும். முன்மொழிவு வெளிப்படையாக இருப்பினும் அதனைப் படிப்பார் இல்லையெனில் பயனில்லை. அப்பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கும் உண்டு என்பதே நம் கருத்து.